சித்திரத்துக்கு வந்து சேரும் குரல்

காவிரிக் கரையில் இருக்கும் மோகனூர், 1888-ஆம் ஆண்டில் வெ. இராமலிங்கம் பிள்ளையைத் தமிழுக்குத் தந்த ஊர். தேசபக்திப் பாடல்களால் நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்த அவர், சித்திரம் எழுதியும் ஜீவனம் நடத்தியவர் என்பதும், அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' என்னும் நாவல் ஆறு மொழிகளில் திரைப்படமாயிற்று என்பதும் இன்றைய இளைஞர் பலரின் கவனத்துக்கு வராத விஷயங்கள். கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் வைத்து 1954-இல் எடுத்த அந்தப் படம், தெலுங்கில் 'அக்கி ராமுடு', ஹிந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', சிங்களத்தில் 'சூரசேன' என்று ஒன்றன்பின் ஒன்றாக உருவெடுத்தது. அந்தந்த மொழிக்கு ஏற்ற நடிகர்களைத் தேடிப்பிடித்து, காட்சிகளை மறுபடியும் படமாக்கி, வசனங்களைப் புதிதாக எழுதி, இத்தனை பிரயாசையும் செலவும் பொறுத்துக்கொண்டுதான் ஒரு மோகனூர்க்காரரின் கற்பனை இலங்கை வரைக்கும் பயணம் போயிற்று.

கதை எல்லை கடப்பதற்கு மற்றொரு வழியும் உண்டு. உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றும் வழி அது. கன்னடத்தில் 1943-இல் வெளிவந்த ஹரிச்சந்திரன் படத்துக்குத் தமிழ்ப் பேச்சைச் சேர்த்து, 1944-இல் ஏ.வி. மெய்யப்பன் வெளியிட்டார்; இந்தியாவில் டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் அதுவே என்று திரைப்பட வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அன்று தொட்டு இன்றுவரை டப்பிங் படம் என்றால் நம்மவர்களுக்கு ஓர் இளக்காரமான அபிப்பிராயம் இருந்து வருகிறது. உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும் விரோதம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் நம் வீட்டுக் குழந்தைகள் டோரேமானையும் ஷின்சானையும் தமிழிலேயே பார்த்து வளர்ந்தார்கள். அவர்கள் தலையெடுத்த இந்தக் காலத்தில், அனிமே என்று உலகம் முழுவதும் வழங்கும் ஜப்பானியச் சித்திரப்படங்கள் கைபேசியிலும் திரையரங்கிலும் தமிழ் பேசிக்கொண்டு வருகின்றன. ஆகவே அந்த அபிப்பிராயத்தைத் திரும்பவும் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

அனிமேயின் பிறவி லட்சணத்தைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். அமெரிக்காவில் டிஸ்னி வகுத்த சம்பிரதாயப்படி, முதலில் நடிகர் பேசி ஒலிப்பதிவு ஆகும். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக்கேட்டு ஓவியர்கள் வாயசைவை வரைவார்கள். ஜப்பானிலோ பெரும்பாலும் சித்திரம் முந்தியும் குரல் பிந்தியும் வருகிறது. ஒசாமு தெசுகா 1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொலைக்காட்சியில் தொடங்கிய 'தெத்சுவான் அட்டம்' என்னும் தொடர், வாரந்தோறும் ஒரு கதையைக் குறைந்த செலவில் தர வேண்டிய நிர்ப்பந்தத்தால், சித்திரங்களின் எண்ணிக்கையைச் சுருக்கும் உபாயங்களைக் கைக்கொண்டது. பேசும் முகத்துக்கு மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய் என்னும் மூன்று நிலைகள் போதும் என்ற வழக்கம் அந்த வகையில் ஊன்றியது. ஜப்பானிய நடிகரும் வரைந்து முடிந்த வாய்க்குப் பிற்பாடு பேச்சை இட்டு நிரப்புகிறவரே என்னும்போது, அவர் நிற்கும் இடத்தில் ஒரு தமிழ் நடிகர் வந்து நிற்பது அத்துமீறல் ஆகாது. குரலுக்காகக் காத்திருக்கும்படியே அந்த முகம் வரையப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்படிச் சொல்வதால் அந்த வேலை சுலபமானது என்று ஆகிவிடாது. சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டருக்குள், வெளிச்சம் அடங்கிய குளிர்ந்த அறையில், காதில் ஹெட்போன் மாட்டி, வசனத் தாளில் ஒரு கண்ணும் திரையில் ஒரு கண்ணுமாக மைக்கின் முன் நிற்கும் கலைஞர், தாள் சலசலத்தால் கூட அந்த டேக் வீண் என்பதால் மூச்சையும் அளந்துதான் விட வேண்டும். வசனம் மட்டும் பேசினால் போதாது; ஓடும்போது இரைக்கும் மூச்சு, அடிபட்டு விழுகையில் எழும் முனகல், வாளை ஓங்கும் கணத்தில் அடிவயிற்றிலிருந்து வரும் அலறல், வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு பேசும் குழறல் எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்றபடியே உண்டாக்க வேண்டும். சண்டை மிகுந்த தொடர்களில் ஒரு முழுநாள் அலறிவிட்டு மறுநாள் தொண்டை கட்டிக்கொள்வது இத்தொழிலில் சகஜம். திரையில் தோன்றும் உடலோ ஒருபோதும் களைப்பதில்லை.

ஜப்பானியச் சித்திரமும் அயல்மொழிக் குரலும் இந்திய மண்ணில் சந்தித்த வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி இராமாயணத்தைப் பற்றியது. யூகோ சாகோ என்னும் ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர், தொல்பொருள் ஆராய்ச்சியாளர் பி. பி. லால் உத்தரப் பிரதேசத்தில் நடத்திய அகழ்வாய்வைப் பற்றிப் படம் எடுக்க 1980-களின் முற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தார். அந்த முயற்சியில் இராமகாதையைப் படிக்கத் தொடங்கியவர், ஜப்பானிய மொழியில் கிடைத்த வடிவங்களையெல்லாம் தேடிப் படிக்கும் அளவுக்கு அதில் தோய்ந்து போனார். தெய்வமாகவும் மனிதனாகவும் நிற்கும் இராமனை ஒரு நடிகரின் சரீரத்துக்குள் அடக்க இயலாது, சித்திரமே அதற்கு உகந்த சாதனம் என்பது அவர் சித்தாந்தம். அந்நியர் ஒருவர் நம் இதிகாசத்தைத் தொடலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. விசுவ ஹிந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதியது. புனிதமான கதையைக் கார்ட்டூனாக்குவது உசிதமல்ல என்று கருதி இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. ஆகவே படம் ஜப்பானிலேயே உருவாயிற்று.

யூகோ சாகோவும் கோய்ச்சி சசாகியும் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்படும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய அந்தச் சித்திரத்தில் ஏறத்தாழ 450 கலைஞர்கள் உழைத்தார்கள். கையால் வரைந்த சித்திரங்கள் ஒரு லட்சம் அளவில் சேர்ந்தன. வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். வேட்டியை எப்படிக் கட்டுவது, அதன் மடிப்பு நடக்கும்போது எப்படி விழும், பெரியவர்களிடம் ஆசி பெறும் பிள்ளை எவ்வாறு குனியும் என்பவை நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்தவை. ஜப்பானிய ஓவியருக்கோ அவை ஒவ்வொன்றும் பாடம். நம் நாட்டுக் கலைஞர்கள் பக்கத்திலிருந்து அவற்றைக் காட்டிக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் கூரையில்லாத சந்நிதியில் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்துப் பழகிய எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, அந்த அனுமன் ஒரு ஜப்பானியத் தூரிகையில் எப்படி வந்து இறங்கினான் என்பது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல. கடலைத் தாண்டும் அந்த உருவத்தில் பலமும் அடக்கமும் ஒருங்கே தெரிகின்றன. வரைந்தவர்கள் அவனைக் கேலிப் பொருளாகக் கருதவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தப் படத்தின் முதற்குரல் ஜப்பானியம் அன்று, ஆங்கிலம். 1993-இல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டும், திரையரங்குகளில் பரவலாக வெளியாகும் பாக்கியம் அப்போது அதற்கு வாய்க்கவில்லை. பிற்பாடு தொலைக்காட்சி வாயிலாக, அருண் கோவில் இராமனுக்கும் அம்ரீஷ் பூரி இராவணனுக்கும் ஹிந்தியில் குரல் கொடுத்த வடிவம் வடநாட்டில் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் நெஞ்சில் குடியேறியது. அமெரிக்கப் பதிப்பில் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் கதை சொன்னார். யூகோ சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமான பிறகு, 2025 ஜனவரி 24 அன்று புதுப்பித்த பிரதி ஆங்கிலம், ஹிந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. கம்பன் பிறந்த மொழி அந்த இராமனுக்கு வாய்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை எண்ணும்போது எனக்கு மனத்தாங்கல் உண்டாகத்தான் செய்கிறது.

அனிமே அயல்நாடுகளுக்குப் போன வரலாற்றில் ஆங்கிலம் பெருவாயிலாக இருந்தது. அந்த வாயிலில் நுழையும்போது பல படைப்புகள் அங்கஹீனம் அடைந்ததும் உண்டு. தெசுகாவின் தொடர் 1963-லேயே அமெரிக்கா சென்றபோது பெயர் மாறியது; ஜப்பானில் 193 பகுதிகள் வந்த அதில் 104 மட்டுமே அங்கே ஒளிபரப்பாயின. ஹயாவோ மியாசாகியின் 'நௌசிக்கா' 1985-இல் வேறு பெயரோடும் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட வெட்டுக்களோடும் அமெரிக்காவில் வெளிவந்ததைக் கண்டு கசந்தவர்கள், அதன் பின் ஒரு சட்டகத்தையும் வெட்டலாகாது என்று உறுதி பூண்டார்கள். அந்த உறுதியின் பயனாகத்தான் 1999-இல் 'பிரின்சஸ் மோனோனோகே' முழு நீளத்தோடு, நீல் கெய்மன் எழுதிய ஆங்கில வசனத்தோடு, அந்நாட்டில் வெளியாயிற்று. வசனத்தை ஓர் எழுத்தாளனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற மதிப்பு அங்கே தோன்றியதை நாம் கவனிக்க வேண்டும்.

போக்கிமான் தொடரின் அமெரிக்கப் பதிப்பில் நேர்ந்த ஒரு மாற்றம் எங்கள் ஊர்க்காரருக்கு விசேஷமாக உறைக்கும். அதில் ஒரு பாத்திரம் கடற்பாசித் தாள் சுற்றிய முக்கோணச் சோற்றுருண்டையைக் கையில் வைத்திருக்கும். அமெரிக்கக் குழந்தைகளுக்குப் புரியாதென்று, அதை ஜெல்லி வைத்த டோநட் பலகாரம் என்று பேச வைத்தார்கள். நெல்லும் கரும்பும் வெற்றிலையும் விளையும் காவிரிக்கரையில், தயிர்சாதத்தை உருட்டித் தாய் கையில் வாங்கிச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்குச் சோற்றுருண்டையை விளக்க ஒரு வார்த்தையும் வேண்டியதில்லை. அமெரிக்கப் பிரதியை மூலமாக வைத்துத் தமிழ் வசனம் எழுதினால், தனக்கு நன்றாகத் தெரிந்த சோற்றை அந்தக் குழந்தை தெரியாத பலகாரமாகக் கேட்கும்படி ஆகும்.

வாக்கிய அமைப்பிலும் இதே நியாயம்தான். ஜப்பானியத்திலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. கொன்றானா, காத்தானா என்பது வாக்கியம் முடியும் வரை கேட்பவனுக்குத் தெரியாது. அந்தத் தவிப்புக்கு இணங்கவே சித்திரத்தில் கண்கள் விரிவதும் வாய் மூடுவதும் அமைந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வினை வந்துவிடுவதால், ஆங்கில வசனகர்த்தா அந்தக் கணத்தைத் தப்பவிடாமல் பிடிக்க வேறு சாதுரியம் செய்ய வேண்டியிருக்கிறது. நேராக ஜப்பானியத்திலிருந்து எழுதும் தமிழ் வசனகர்த்தாவுக்கு அது தானே வந்து வாய்க்கும். அண்ணனைப் பெயர் சொல்லி அழைக்காத மரியாதையும், ஆசிரியரிடம் ஒரு விதமாகவும் தோழனிடம் ஒரு விதமாகவும் பேசும் பேதமும் இரு சமூகங்களுக்கும் பொது. இத்தனை ஒற்றுமை இருக்க, நடுவே ஆங்கிலத்தை நிறுத்தி அதன் மூலமாகவே ஜப்பானியரைக் கேட்க வேண்டும் என்பதற்கு வசதியைத் தவிர வேறு முகாந்திரம் இல்லை.

முதலில் சொன்ன நாமக்கல் கவிஞரே 'கம்பனும் வால்மீகியும்' என்றொரு நூல் எழுதியவர். ஒரு கதை வேறு மொழிக்கு வரும்போது எதைக் காக்கிறது, எதைப் புதிதாகப் பெறுகிறது என்ற ஆராய்ச்சியைச் சித்திரப்படங்களின் தமிழுக்கும் யாராவது செய்ய வேண்டிய காலம் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஜப்பானில் வெளியான 'டீமன் ஸ்லேயர்' படம் செப்டம்பர் 12 அன்றே இந்தியாவில் தமிழிலும் வந்துவிட்டது. இராமாயணச் சித்திரம் முப்பது வருஷம் காத்திருந்ததோடு ஒப்பிட்டால் இரண்டு மாதம் என்பது பெரிய வேகம். இந்த வேகத்தில் வசனம் எழுதுகிறவருக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. சென்னையில் ஜப்பானிய மொழியைக் கற்பிக்கும் நிலையங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஜப்பானியக் கம்பெனிகள் வந்தபின் அம்மொழி தெரிந்த தமிழர் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை டப்பிங் தியேட்டருக்கு அழைத்து, வசனகர்த்தாவோடு ஒரே மேஜையில் உட்கார வைத்து, முதல் காட்சியை ஜப்பானியக் குரலோடு ஓடவிட்டுக் கேட்ட பிறகே தமிழில் முதல் வரியை எழுதத் தொடங்கலாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும் இடத்தில், குரல் கொடுத்த தமிழ்க் கலைஞர்களின் பெயரும் வசனம் எழுதியவர் பெயரும் வாசிக்கும்படியான எழுத்தில், வாசித்து முடியும் வரை நிற்க வேண்டும்.