100-ஐ அழைக்கும் முன் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

தெருவில் அடிதடி. பதறிப்போய் 100-ஐ அழைக்கிறார்கள். "ஹார்பர் பக்கம் சார், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். வண்டி வரவில்லை என்று பிறகு புலம்புகிறார்கள். தூத்துக்குடியில் இதையேதான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

100, 112 இரண்டுமே சென்னையில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகின்றன. அங்கே பதிவாகும் விவரம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, பிறகுதான் ரோந்து வண்டிக்குப் போகும். சென்னையில் போனை எடுப்பவருக்கு நம் ஊர்ச் சந்துகள் தெரியாது. ஹார்பர் என்றால் பழைய துறைமுகமா, புதிய துறைமுகமா, மீன்பிடித் துறைமுகமா? நம் பக்கத்துப் புதுக்கோட்டையை வெறுமனே புதுக்கோட்டை என்றால் அவர் புதுக்கோட்டை மாவட்டம் என்றுதானே நினைப்பார்? எனவே முதலில் மாவட்டம், அடுத்து ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயில், சர்ச் அல்லது பள்ளி. அதன் பிறகு என்ன நடக்கிறது, ஆயுதம் இருக்கிறதா, யாருக்காவது காயமா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். மாவட்டத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. கரையை விட்டு வெகுதூரம் விலகினால் செல்போன் சிக்னல் கிடைக்காது. வி.எச்.எப். கருவியில் 16-ஆம் சேனலில் பேசி, ஜி.பி.எஸ். காட்டும் எண்களை அப்படியே வாசியுங்கள். கருவி இல்லாமல் மீன்பிடித் தொழிலுக்குப் போகாதீர்கள்.

100-ஐ அழைத்தது புகார் கொடுத்ததாக ஆகாது. போலீஸ் வந்து விலக்கிவிட்டுப் போனதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், அதன் நகல் இலவசம். "எங்க லிமிட் இல்லை, தென்பாகம் ஸ்டேஷனுக்குப் போங்க" என்று இன்னும் அலைய விடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, எந்த நிலையமும் எல்லையைக் காட்டிப் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.

மறுத்தால், அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவைக் குறிப்பிட்டு, புகாரின் சாராம்சத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால், பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். தபால் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.

வண்டி தாமதமாக வந்ததா? போனில் அழைப்பு நேரம் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழைப்பு பதிவான நேரம், வண்டிக்குத் தகவல் போன நேரம், வண்டி வந்து சேர்ந்த நேரம் ஆகிய மூன்றையும் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதைக் காட்ட அந்த மூன்று நேரங்களே போதும்.