பத்து ரிலே இருந்தால் பத்தும் ஓட வேண்டுமா?

கோபுரத்துக்கும் தொலைவில் உள்ள கருவிக்கும் நடுவே சிக்னலை வாங்கிக் கடத்தும் பத்து ரிலேக்கள் இருந்தால், எல்லாவற்றையும் ஓட்டுவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் மின்சாரம் தின்னும். போதாக்குறைக்கு எல்லாம் நேரம் பிசகாமல் ஒத்து இயங்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு ஈடாகக் கிடைப்பது எவ்வளவு? நசாரோக்லு, ஓஸ்கூர், ஃப்ராகூலி ஆகியோர் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே ஒரு நல்ல ரிலே மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியையும், சரியாகத் தேர்ந்த இரண்டு ரிலேக்கள் மூன்றில் இரண்டு பங்கையும் தரும். காரணம் எளிது. தனியாக அதிகம் கடத்தும் ரிலேயின் வேகம் 1 என்போம். மற்ற எதை எடுத்தாலும் வரும் வழி, போகும் வழி இரண்டில் ஒன்றாவது 1-க்குள் அடங்கும். இரண்டும் தாண்டினால் அதுவே முதலிடம் பிடித்திருக்குமே! வரவு குறுகியவை ஒரு கூட்டம், போக்கு குறுகியவை இன்னொரு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் மொத்தமாகச் சுமார் 1-தான் கடத்தும். ஆக மொத்தம் 2; அந்த ஒரே ரிலேயே அதில் பாதி.

அந்த ஒரே ரிலேயின் சிக்னல் மங்கினால் என்ன கதி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்வு ஒருமுறையோடு முடிவதில்லை. அவ்வப்போது சிறந்ததற்கு மாறிக்கொண்டால், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுவதற்கு இணையான நம்பகத்தன்மை கிடைக்கும் என்று பிளெட்சாஸ் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். உண்மையான பலவீனம் வேறிடத்தில்: ‘ஏறக்குறைய’ பாதி என்பதில் ஒளிந்துள்ள பிழை, ரிலேக்களின் எண்ணிக்கையோடு வளரும். சிக்னல் வலுவாக இருந்தால் அது பொருட்டில்லை. பலவீனமாக இருந்தால் கணக்கையே விழுங்கிவிடும்.