டிக்கெட் வேறு, அனுமதி வேறு

"டிக்கெட் எடுத்துட்டுத்தானே சார் வந்தோம்?" ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனப்பாடி சாவடியிலும் சின்னாறு சாவடியிலும் வனக்காவலர்கள் காது புளிக்கக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ விடியற்காலையில் கிளம்பி வந்திருப்பார். கழுத்தில் தவணையில் வாங்கிய கேமரா தொங்கும். அவர் சொல்வது பொய்யில்லை, டிக்கெட் இருக்கிறது. அது எந்த மாநிலத்து டிக்கெட், எதுவரை செல்லும், கேமராவுக்கும் சேர்த்தா என்பதைத்தான் அவர் படித்துப் பார்க்கவில்லை.

எல்லைப் பகுதியின் சிக்கலே மலை ஒன்று, மாநிலம் இரண்டு என்பதுதான். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போகிறவர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்துதான் ஆனப்பாடிக்குப் போய்ச் சேர முடியும். பரம்பிக்குளம் அலுவலகத்துக்குக் கடிதம் போடுவதானாலும் 'தூணக்கடவு, பொள்ளாச்சி வழி' என்றுதான் எழுத வேண்டும். சேத்துமடையில் கட்டும் பணம் தமிழ்நாட்டு வனத்துறைக்கு, ஆனப்பாடியில் கட்டுவது கேரளத்துக்கு. நடுவழியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் புள்ளிமானைப் படமெடுக்க இரண்டு ரசீதுமே இடம் தராது. பரம்பிக்குளத்தில் அறை பதிவு செய்த தாளைத் தமிழ்நாட்டு வனக்காவலரிடம் நீட்டி வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இடுக்கிப் பக்கம் இன்னும் வேடிக்கை. கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏறுகிறார்கள், மலை இருப்பதோ தேனி மாவட்டத்தில். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போய் நின்றால் அதுவும் தமிழ்நாடு. அங்கிருந்து வட்டவடைக்குத் திரும்பினால் கேரளத்தின் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா வந்துவிடும். உடுமலை – மறையூர் சாலையில் ஒன்பதாறு சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் புலிகள் காப்பகம், சின்னாற்றைத் தாண்டினால் கேரளச் சரணாலயம். இந்தச் சாலைகளில் போகத்தான் வழி. நிறுத்துவதற்கும் இறங்குவதற்கும் இல்லை. பலகையில் மூன்று மொழியில் எழுதி வைத்தாலும் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள் என்பதால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: இறங்காதீர்கள்.

சட்டம் படப்பிடிப்புக்கு எதிரி இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களில் ஒன்றாகப் புகைப்படம் எடுப்பதையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அனுமதி தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். சுற்றுலாப் பகுதியில், வழிகாட்டியுடன், கேமராக் கட்டணம் கட்டி எடுக்கும் படங்களுக்குச் சாவடி ரசீதே போதும். அந்த வட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வைத்தாலும் அத்துமீறல்தான். சரணாலயம் அல்லாத காப்புக்காடாக இருந்தால் 1961-ஆம் ஆண்டு கேரள வனச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு பாயும். 2022-இல் கொல்லம் மாவட்டத்தில் காப்புக்காட்டுக்குள் நுழைந்து யானைகளைப் படம்பிடித்ததாக யூடியூபர் ஒருவர் மீது வனத்துறை வழக்குப் போட்டது. அதற்கு ஆதாரமாக அமைந்தது அவர் வெளியிட்ட வீடியோவேதான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு உள்ள விளக்கம். துப்பாக்கி வேண்டியதில்லை. இரை வைத்து விலங்கை வரவழைப்பதும், விரட்டுவதும், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக்குள் அடங்கும். நெல்லியாம்பதியிலும் பரம்பிக்குளத்திலும் மலை இருவாச்சி கூடு கட்டும் மாதங்களில் நடப்பதைப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு மட்டும் நீளும் அளவுக்கு இடைவெளி விட்டு வாசலை அடைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் அதற்கும் பிறகு குஞ்சுக்கும் ஆண் பறவை கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு. மரத்தடியில் நாலு பேர் முக்காலி விரித்து நின்றால் ஆண் பறவை தொண்டை நிறைய அத்திப்பழத்துடன் எதிர்மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். 'வெளிச்சம் மறைக்குது' என்று கூட்டருகே கிளையை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவாச்சி முதல் அட்டவணைப் பறவை. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இப்படிக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் முடியாது.

யானையைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் கேட்பாரில்லை. 2024 மே மாதம் மலம்புழை அருகே கொட்டேக்காட்டில், ஆற்றைக் கடந்த காட்டு யானைகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மாத்ருபூமி தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அவர் தொழில்முறை ஆள். அவருக்கே அந்தக் கதி. மூணாற்றில் ஒரு காட்டுக் கொம்பனுக்குப் 'படையப்பா' என்று சினிமாப் பெயர் வைத்துவிட்டதால் அதை வளர்ப்பு யானையாகவே நினைத்து ஆரன் அடித்தும் விளக்கைப் பாய்ச்சியும் சீண்டும் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யானையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். ஆரனும் ஃபிளாஷும் வேண்டாம். மெதுவாகப் பின்னால் எடுங்கள். படம் அப்புறம்.

மலை ஏறுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில் மலம்புழை சேராடு மலையில் சிக்கிக்கொண்ட இளைஞரை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது, அதைப் பார்த்த பிறகும் அதே மலையில் ஆள் ஏறியது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அந்தப் பாதைக்கு முறையான அனுமதி இருந்ததா என்பதே பெரிய விவாதமாயிற்று. இன்று தமிழ்நாட்டுப் பக்கம் மலையேற விரும்புகிறவர்களுக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகள் உண்டு, இணையத்திலேயே பதிவு செய்யலாம். மீசப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் மூணாறு அலுவலகம். ஜீப் ஓட்டுநர் 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்வது அனுமதி ஆகாது.

இனி, முறையான அனுமதியை எப்படி வாங்குவது? சுற்றுலாப் பகுதிக்கு வெளியே பல நாள் தங்கிப் படமெடுக்க வேண்டுமென்றால் கேரளத்துக்கு விண்ணப்பம் போக வேண்டிய இடம் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள வனத்துறைத் தலைமையகம். தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு சென்னை கிண்டி. ஆனால் அங்கே மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். மேலே போன தாள் கருத்துக் கேட்டுக் கீழேதான் வரும். ஆகவே அதே நாளில் ஒரு நகலை அந்தந்தக் கோட்டத்து அலுவலகத்திலும் நேரில் கொடுத்துத் தேதி முத்திரை வாங்குவது நல்லது. அமைதிப் பள்ளத்தாக்குக்கு மண்ணார்க்காட்டில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம், இரவிகுளம், சின்னாறு, பாம்பாடும்சோலைக்கு மூணாறு வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். விண்ணப்பத்தில் தேதிகள், இடங்களின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, அடையாள அட்டை நகல், கேமரா மற்றும் லென்ஸ்களின் வரிசை எண், படம் எதற்காக என்ற விவரம், விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும். வரிசை எண்ணை எழுதத் தவறாதீர்கள், பின்னால் உதவும். வரையாடு குட்டி போடும் காலமென்று இரவிகுளத்தைப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். அந்தத் தேதிகளைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு அதிகாரியைத் திட்டுவதில் நியாயமில்லை.

தேவிகுளம், சித்தூர் போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழ்கிறவர்கள் கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. தமிழ் மனுவைக் கண்டதும் 'மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பும் எழுத்தர்கள் குறைவில்லை.

பிடிபட்டால் என்ன செய்வது? எல்லாரும் சொதப்புவது இங்கேதான். முதலில் படங்களை அழிப்பார்கள், அடுத்து கையில் இருக்கிற காசை நீட்டுவார்கள். இரண்டுமே தவறு. நீங்களாக அழித்தால் சாட்சியத்தை அழித்த பழி கூடுதலாக வந்து சேரும். அழிக்கச் சொல்லி மிரட்டும் அதிகாரமும் காவலருக்கு எந்தப் பிரிவிலும் இல்லை. காசு விஷயத்தில், வன உயிரினச் சட்டப்படி வழக்கைச் சமரசமாக முடிக்கும் அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அரசு அறிவிக்கை பெற்ற அதிகாரிக்குத்தான் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் வாட்சருக்கு இல்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மறுபடியும்: ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கேமராவைப் பறிமுதல் செய்தால் மகஜர் கேளுங்கள். அதில் கேமரா, லென்ஸ், மெமரி கார்டு ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். 'கேமரா ஒன்று' என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மகஜர் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லி, 'வாசிக்கக் கேட்டேன்' என்று தமிழிலேயே எழுதித் தேதியோடு கையெழுத்திடலாம். பறிமுதல் செய்த பொருள் தாமதமின்றி நீதித்துறை நடுவர் முன் போக வேண்டும் என்கிறது வன உயிரினச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, ரேஞ்ச் ஆபீஸ் அலமாரியில் கிடக்கக் கூடாது. அதைத் திரும்பப் பெற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின் கீழ் அந்த நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வாங்கிய பில், மகஜர் நகல், அடையாள அட்டை மூன்றும் இணைப்பு. வழக்கு முடியும்வரை பொருளை இடைக்காலமாக ஒப்படைக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்பதை, வாகனம் சம்பந்தப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். மகஜர் நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோட்ட அலுவலகத்துக்கு மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாள் கெடு.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ட்ரோன் பறக்கும் பகுதிகளைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பச்சை காட்டினால் அது வானத்துக்கு மட்டும் பச்சை. கீழே காடு இருந்தால் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். இடுக்கி அணைக்குள் கேமராவோ கைப்பேசியோ கொண்டுபோகவே விடமாட்டார்கள். முல்லைப் பெரியாற்றுப் பக்கம் ட்ரோனை எடுத்துப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, எடுத்தவருக்கே நடக்கும் அநியாயம். முறையாக எடுத்த வரையாட்டுப் படம் ஏதோ ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்தில் பெயரில்லாமல் வந்து நிற்கும். 'இணையத்தில் கிடந்தது' என்பார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவரே உரிமையாளர், அவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரையும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு மட்டும் கணக்கு வேறு. பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய விரும்பினால் 14-ஆம் எண் படிவம் இருக்கிறது. சமூக ஊடகத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தராவிட்டால் அந்தத் தளம் படத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வழக்குப் போட மூணாறு வரை அலைய வேண்டியதில்லை. கோவைக்காரர் கோவை மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருப்பவருக்கு வழக்கு சுலபம். வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன நகல் மட்டுமே மிச்சமிருந்தால், அது தன்னுடைய படம்தான் என்று நிரூபிப்பதற்குள் அந்த 21 நாள் ஓடிவிடும்.