மண்டையோட்டின் அடித்தளமும் நரம்பு வழிகளும்

மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல என்று நம்மவர் சொல்வார்கள். மன்னார்த் தீவில் பனை ஏறுபவரும், இடம்பெயர்ந்து திரும்பிய காணியில் கூரை வேய்பவரும், உழவு இயந்திரப் பெட்டியில் பயணம் செய்பவரும் தவறி விழுவதுண்டு. தலையில் கீறல்கூட இல்லையென்றால் தப்பிவிட்டார் என்று ஆறுதலடைகிறோம். ஆனால் வெடிப்பு தலைக்குள்ளே, நம் கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கலாம். அந்த இடத்தை அறிந்துகொள்வோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உடற்கூற்றியலைத் தமிழிலேயே கற்பித்தார். நாமும் தமிழிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

மூளை ஓர் எலும்புத் தளத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. முன்னிருந்து பின்னாக அத்தளம் மூன்று படிகளாக இறங்குகிறது. மூளையிலிருந்து புறப்படும் 12 சோடி நரம்புகள் அதிலுள்ள துவாரங்களின் வழியே வெளியேறுகின்றன.

முற்படியில், மூக்கின் கூரையிலுள்ள எலும்பு அரிதட்டுப் போன்றது. மணத்தை அறியும் நரம்பிழைகள் அதனூடாகச் செல்கின்றன. அதற்குச் சற்றுப் பின்னே பார்வை நரம்பின் வழியும், கண்ணை அசைக்கும் நரம்புகளின் வழியும் உள்ளன. நடுப்படியால் முகத்தின் உணர்ச்சிக்குரிய நரம்புகள் போகின்றன. கேட்டலுக்கும் முக அசைவுக்கும் உரிய நரம்புகள் காதெலும்பினுள் ஒரே வாசலால் நுழைகின்றன. பிற்படியின் துவாரங்களால் விழுங்குதல், குரல், நாக்கு ஆகியவற்றின் நரம்புகள் செல்கின்றன. நடுவிலுள்ள பெருந்துவாரத்தினூடாக முண்ணாண் இறங்குகிறது.

கட்டுக்கரைக் குளத்தின் கட்டை நினைத்துப் பாருங்கள். துருசு வைத்த இடத்தைத்தான் மாரியில் கவனமாகப் பார்ப்போம். மண்டையோட்டின் தளமும் அப்படியே. துவாரங்கள் உள்ள இடங்களில் வெடிப்பு இலகுவில் ஓடும். ஓடினால் அவ்வழியே செல்லும் நரம்பு நசியும். மூளையைச் சூழ்ந்துள்ள தெளிந்த நீரும் கசியும். நீர் வெளியே வரும் வழியால் கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல்.
2. இரு கண்களைச் சுற்றியும் கருமை. ஓரிரு நாட்களில் காதின் பின்புறம் கன்றிப்போதல்.
3. முகம் ஒரு பக்கம் கோணுதல், காது கேளாமை, பொருட்கள் இரண்டாகத் தெரிதல், மணம் தெரியாமை.
4. வாந்தி, மயக்கம், தடுமாற்றம். கள் வெறி என்று எண்ணி உறங்க விடாதீர்கள்.

செய்ய வேண்டியவை:

1. தூக்கி நிறுத்தாதீர்கள், முச்சக்கரவண்டியில் குந்தவைத்துக் கொண்டுபோகாதீர்கள். தலை, கழுத்து, உடல் மூன்றும் நேராக இருக்கட்டும். வாந்தி வந்தால் முழு உடலையும் ஒருசேரப் பக்கமாகப் புரட்டுங்கள்.
2. காதிலும் மூக்கிலும் பஞ்சு அடைக்காதீர்கள். வடிவதை வடிய விட்டு, வெளியே சுத்தமான துணியை இலேசாக வையுங்கள். மூக்கைச் சீற விடாதீர்கள்.
3. தண்ணீரோ சோடாவோ பருக்காதீர்கள்.
4. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலங்கையில் 2016இல் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் இவ்வெடிப்பு தெரியாமற் போகலாம்; சி.ரி. ஸ்கான் தேவைப்படலாம். ஆகவே என்ன நடந்தது, காதில் மூக்கில் என்ன வடிந்தது என்பதை வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், கடுந்தலையிடி, கழுத்து விறைப்பு வந்தால் அன்றே வைத்தியசாலைக்குத் திரும்புங்கள்.

விழுவதை எப்போதும் தடுக்க நம்மால் முடியாது. விழுந்தவரை மிதிக்கும் மாடாக நாம் ஆகாதிருக்க முடியும்.