டிலன் பாடிய கிறிஸ்துமஸ்: அன்றைய காது, இன்றைய காது

2009 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது பாப் டிலனின் ரசிகர்களில் பலர் அதை நம்பவில்லை. அவருக்கு அப்போது வயது 68. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'டுகெதர் த்ரூ லைஃப்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தானே எழுதித் தானே பாடி, எழுத்துக்காகவே கொண்டாடப்பட்டவர், இப்போது சாண்டா கிளாஸையும் பனிச்சறுக்கு வண்டியின் மணியோசையையும் பாடப்போகிறார். அதுவும் பிறர் எழுதிய பாட்டுகளை. 'கிறிஸ்துமஸ் இன் த ஹார்ட்' அக்டோபர் 13 அன்று கடைக்கு வந்தது. பதினைந்து பாடல்கள், எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்.

அன்று கேட்டவர்கள் பாட்டை விட்டுவிட்டுப் பாடியவரின் மனத்தைத் துருவினார்கள். விளையாட்டுக்குச் செய்கிறாரா, உண்மையாகவே செய்கிறாரா? இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நீண்ட பின்கதை உண்டு. 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் மின்கிடாரோடு மேடையேறியபோது கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் அவரை யூதாஸ் என்று கத்தினார். 1970இல் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' வந்தபோது விமரிசகர் கிரெய்ல் மார்கஸ் ஒரு வசைச்சொல்லோடுதான் மதிப்புரையைத் தொடங்கினார். 1979இல் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தழுவி, பழைய பாட்டு ஒன்றையும் பாடாமல் பக்திப் பாடல்களை மட்டுமே மேடையில் பாடியபோது சான்பிரான்சிஸ்கோவில் முணுமுணுப்பும் எதிர்ப்பும் இருந்தன. இத்தனையும் பார்த்த ரசிகர்கள் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை இன்னொரு சீண்டலாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கிறிஸ்துமஸ் பாடலாமா என்ற கேள்வியும் அன்று பலமாக எழுந்தது. அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது கேள்வியே இல்லை. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதிய இர்விங் பெர்லின் யூதர். டிலன் இந்த ஆல்பத்தில் பாடிய 'த கிறிஸ்துமஸ் சாங்' மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் எழுதியது. 'சில்வர் பெல்ஸ்' ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதியது. 'த கிறிஸ்துமஸ் ப்ளூஸ்' பாட்டுக்குச் சொல் தந்தவர் சாமி கான். இவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். டிலனுக்கு அந்த வரிசையில் இடம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது.

இனி ஆல்பத்துக்கு உள்ளே போவோம். முதல் பாட்டில் மணிகள் குலுங்குகின்றன. ஆண்களும் பெண்களுமாக ஒரு சேர்ந்திசைக் குழு, 1950களின் வானொலியில் கேட்பதுபோல, வழவழவென்று தொடங்குகிறது. அதன் நடுவே டிலனின் குரல் நுழைகிறது: கரகரப்பாக, கிழிந்து, பல்லாண்டுப் புகையும் பயணமும் படிந்து. மெருகேறிய குழுவும் மெருகழிந்த குரலும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாமல் பெரும்பாலான பாட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. எட்டாவது பாட்டில் முதல் பத்தியை லத்தீனில் பாடுகிறார். ஒவ்வொரு அசையையும் பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல அழுத்தம் கொடுத்து, பிழைபடாமல் சொல்லிவிட வேண்டும் என்ற கவனம் தெரிய உச்சரிக்கிறார். கேலி செய்கிறவன் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ள மாட்டான் என்பது என் எண்ணம்.

அன்று பலருக்கு இந்த ஒட்டாமைதான் கோளாறாகப் பட்டது. வீட்டில் விருந்துக்கு நடுவே போட்டால் விருந்தாளிகள் எழுந்துபோய்விடுவார்கள் என்றார்கள் சிலர். உச்சத்துக்கு ஏறும் இடங்களில் குரல் உடைவதைச் சகிக்க முடியவில்லை என்றார்கள். இன்னொரு பக்கம், அந்த உடைசலில்தான் உயிர் இருக்கிறது, ஊரில் பாடத் தெரியாத தாத்தா ஆண்டுக்கு ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று பாடுவதுபோல இருக்கிறது என்றவர்களும் இருந்தார்கள். நடுவில் நின்றவர்கள் குறைவு. ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பத்தைப் பற்றி இத்தனை சூடாக மனிதர்கள் பேசிக்கொண்டதை இன்று நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

டிலன் இதற்குப் பதில் சொன்ன விதமும் வழக்கமானதல்ல. பில் ஃபிளானகனுக்கு அவர் அளித்த பேட்டி, வீடற்றவர்கள் தெருவில் விற்றுப் பிழைக்கும் இதழ்களில் வெளியானது. பிரிட்டனின் 'பிக் இஷ்யூ' அவற்றில் ஒன்று. மினசோட்டாவில் தான் வளர்ந்த நாட்களின் பனியையும், வீடு வீடாகக் கேரல் பாடி வந்தவர்களையும், ஊர்மணிகளையும் அதில் நினைவுகூர்ந்தார். இந்தப் பாட்டுகள் நாட்டுப்புறப் பாட்டுகளைப் போலவே தன் வாழ்க்கையின் பகுதி என்றும், இவற்றை உள்ளது உள்ளபடி நேராகப் பாடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். நம்பிக்கையாளரைப் போலப் பாடியிருக்கிறீர்களே என்று கேட்டபோது, தான் நம்பிக்கையாளர்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதைவிடத் தெளிவாக ஒரு கலைஞர் சொல்ல முடியாது. அன்று அதையும் சிலர் புதிராகவே வாசித்தார்கள்.

பணத்தைப் பற்றியும் ஐயம் இருக்கவில்லை. அமெரிக்க விற்பனையில் தனக்கு வரும் உரிமைத்தொகை முழுவதையும், அந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, என்றென்றைக்குமாக, 'ஃபீடிங் அமெரிக்கா' அமைப்புக்கு எழுதிக்கொடுத்தார். அந்த விடுமுறைக் காலத்திலேயே 14 லட்சம் பேருக்கு 40 லட்சம் வேளை உணவு என்று அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் வீடற்றோருக்கான 'கிரைசிஸ்', மற்ற நாடுகளுக்கு உலக உணவுத் திட்டம் என்று பங்கு பிரிந்தது.

பிறகு 'மஸ்ட் பி சாண்டா' வந்தது. 1960இல் கொலம்பியா நிறுவனத்தில் மிட்ச் மில்லர் பதிவு செய்த சிறுவர் பாட்டு அது. டெக்சஸைச் சேர்ந்த பிரேவ் காம்போ குழு அதைப் போல்கா வேகத்துக்கு மாற்றியிருந்தது. டிலன் தொகுத்து வழங்கிய வானொலி நிகழ்ச்சிக்கு அந்தத் தட்டு வந்துசேர, அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டார். டேவிட் ஹிடால்கோவின் அக்கார்டியன் மூச்சு வாங்க ஓடுகிறது; கலைமான்களின் பெயர்களுக்கு நடுவே அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்கள் வந்து விழுகின்றன. நாஷ் எட்ஜர்டன் இயக்கிய காணொளியில் நீண்ட பொன்னிறப் பொய்முடியும் சாண்டா தொப்பியும் அணிந்து டிலன் ஒரு வீட்டு விருந்தில் திரிகிறார், அடிதடி நடக்கிறது, ஒருவர் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறார். ஆல்பத்தைப் பிடிக்காதவர்களும் இந்த ஒரு பாட்டுக்கு இணங்கினார்கள். அன்றைக்கு அது ஆல்பத்துக்குள் நுழையும் வாசலாக இருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை மாறியது இரண்டு: டிலனைக் கேட்கும் காது ஒன்று, பாட்டு காதை வந்தடையும் வழி மற்றொன்று.

காதை மாற்றியவர் டிலனேதான். 2015இல் 'ஷேடோஸ் இன் த நைட்', 2016இல் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்', 2017இல் மூன்று தட்டுகளில் முப்பது பாட்டுகளோடு 'டிரிப்ளிகேட்'. மூன்றுமே பிறர் எழுதிய பழைய அமெரிக்கப் பாட்டுகள். பெரும்பாலானவை ஃபிராங்க் சினாட்ரா பாடியவை. 2009இல் திடீரென்று முளைத்த விநோதமாகத் தெரிந்தது, இவற்றுக்குப் பின் ஒரு நீண்ட பாதையின் முதல் அடியாகத் தெரியத் தொடங்கியது. 'த கிறிஸ்துமஸ் சாங்' பாட்டுக்குப் பலர் விட்டுவிடும் ஒரு முன்னுரைப் பகுதி உண்டு. டிலன் அதையும் விடாமல் பாடியிருப்பதை அன்று கவனித்தவர்கள் சிலரே. இன்று கேட்பவருக்கு அது ஒரு மாணவனின் அக்கறையாகப் புரிகிறது. 2013இல் வந்த தொகுப்பு 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' மீதான பழியைப் பெரிதும் கழுவியது. 2017இல் வந்த தொகுப்பு பக்திக்கால மேடைகளின் தீவிரத்தை மீட்டுத் தந்தது. கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட தொகுப்பு எதுவும் வரவில்லை. அடுத்தடுத்து வந்த ஆல்பங்களே அதற்குப் பொழிப்புரை ஆயின.

புதிதாக வருபவர்களும் வேறு ஆட்கள். அன்றைய ரசிகர் நியூபோர்ட் காலத்திலிருந்து கணக்கு வைத்துக்கொண்டு வந்தவர். இன்றைய இளைஞர் 2016இன் நோபல் பரிசு வழியாகவோ, 2024 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'எ கம்ப்ளீட் அன்நோன்' படத்தில் திமோத்தே ஷாலமேயைப் பார்த்தோ வருகிறார். அவருக்குத் தீர்க்கவேண்டிய பழைய வழக்கு ஏதும் இல்லை. டிலன் கிறிஸ்துமஸ் பாடியிருக்கிறார் என்றால், சரி, பாடியிருக்கிறார். சந்தேகம் விலகிய இந்தக் காது ஆல்பத்துக்குக் கிடைத்த பெரிய லாபம். 'டூ யூ ஹியர் வாட் ஐ ஹியர்' 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடி உலகைக் கதிகலங்க வைத்த நாட்களில், அமைதிக்காக எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு, அப்போது 21 வயதில் நியூயார்க்கில் பாடிக்கொண்டிருந்த ஒருவர் 47 ஆண்டுகள் கழித்து அதைப் பாடுவதைக் கேட்டால், சிரிக்கத் தோன்றாது.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2009இல் கிறிஸ்துமஸ் இசை என்றால் குறுந்தகடு. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2007இல், அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமே ஜோஷ் குரோபனின் கிறிஸ்துமஸ் ஆல்பம்தான். டிலன் வந்த அதே பருவத்தில் ஸ்டிங் 'இஃப் ஆன் எ விண்டர்ஸ் நைட்' கொண்டுவந்தார். பண்டிகைக் குதூகலத்தை ஒதுக்கி, குளிர்காலத்தின் இருளையும் தனிமையையும் பாடினார். டோரி ஏமோஸ் 'மிட்விண்டர் கிரேசஸ்' கொண்டுவந்தார்; மெதடிஸ்ட் போதகரின் மகளான அவர், பழைய கேரல்களைப் பிரித்துத் தன் சொந்த வரிகளோடு பின்னினார். மூவர் மூன்று வழி. கேட்பவர்களும் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினார்கள். காசு கொடுத்து வாங்கியதால் முழுதும் கேட்டார்கள். பிடிக்காத பாட்டும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை காதில் விழுந்தது. அடுத்த டிசம்பரில் அலமாரியிலிருந்து தட்டு மறுபடி வெளியே வந்தது. அப்படித்தான் பலர் மனம் மாறினார்கள்.

இன்று டிசம்பர் இசை ஒற்றைப் பாட்டுகளின் ஊர்வலம். 1963இல் பில்போர்டு இதழ் கிறிஸ்துமஸ் தட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு ஒதுக்கிவைத்தது. இன்று அவை முதன்மைப் பட்டியலையே ஆள்கின்றன. மரியா கேரி 1994இல் வெளியிட்ட பாட்டு 25 ஆண்டுகள் கழித்து 2019 டிசம்பரில்தான் அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது. பிரெண்டா லீ 1958இல் சிறுமியாகப் பாடியது 2023இல், அவருடைய 78ஆம் வயதில், முதலிடம் பிடித்தது. கடையில் தட்டு விற்றால்தான் கணக்கு என்றிருந்த காலத்தில் இது நடந்திருக்காது. பழைய பாட்டுக்கு இப்படி மறுவாழ்வு கிடைப்பது நல்லதுதான். அந்த வெளிச்சம் விழுவது எண்ணிச் சொல்லக்கூடிய சில பாட்டுகள் மேல் என்பதுதான் வருத்தம்.

டிலனின் ஆல்பத்திலிருந்து அந்த ஊர்வலத்தில் சேர்ந்தது 'மஸ்ட் பி சாண்டா' ஒன்றே என்று சொல்லிவிடலாம். அன்று வாசலாக இருந்த பாட்டு இன்று வீடாகவே ஆகிவிட்டது. அதற்குள் நுழைந்தவர் அதோடு திரும்பிவிடுகிறார். பட்டியலில் அதற்கு முன்னால் ஒருவர், பின்னால் இன்னொருவர். லத்தீனில் திணறிய எட்டாவது பாட்டு அங்கே வராது. போர்முனையில் இருந்த வீரர்களை நினைத்து 1943இல் பிங் கிராஸ்பி பாடிய 'ஐ வில் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்' பாட்டை டிலன் எவ்வளவு களைத்துப்போய், வீடு திரும்பாதவனாகவே பாடியிருக்கிறார் என்பதும் தெரியவராது. சச்சரவு ஓய்ந்தது, அதோடு முழு ஆல்பத்தையும் கேட்டு முடிக்கும் பொறுமையும் ஓய்ந்தது. அன்று திட்டியவர்கள்கூடப் பதினைந்தையும் கேட்டுவிட்டுத் திட்டினார்கள்.

உணவுக் கணக்கும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. டிலனின் வாக்குறுதி என்றென்றைக்குமானது. ஆனால் ஒரு குறுந்தகடு விற்றால் வந்த தொகை வேறு, ஒரு பாட்டை ஒருமுறை ஓடவிட்டால் வருவது வேறு. பின்னது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. கேட்கும் பழக்கம் மாறியபோது, பசித்தவர் தட்டுக்குப் போகும் பங்கும் சேர்ந்தே மாறியது. ஆல்பத்தைத் தேடிக் காசு கொடுத்து வாங்குபவர் அந்தப் பழைய ஏற்பாட்டுக்குள் இன்றும் சேரலாம். வாங்கினால் ஏழாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்: 'த கிறிஸ்துமஸ் ப்ளூஸ்', 1953இல் டீன் மார்ட்டின் பாடியது. பண்டிகை நாளில் தனித்துப்போனவனின் பாட்டு அது. டிலனின் தேய்ந்த குரலுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். அங்கே அவருக்கு எந்தச் சேர்ந்திசையின் மெருகும் தேவைப்படவில்லை.