பழைய பந்தய சைக்கிளைப் பிரித்துக் கோர்ப்பது

இங்கிலாந்தில் 1894 ஜூலையில் நார்த் ரோடு கிளப் நடத்திய 50 மைல் பந்தயத்தில் ஒரு குதிரை வண்டி மாட்டிக்கொண்டது. குதிரை மிரண்டது, சைக்கிள்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள், விஷயம் போலீசுவரை போனது. சாலையில் கும்பலாகப் பந்தயம் ஓட்டினால் சைக்கிளுக்கே தடை வந்துவிடுமோ என்று கிளப்புகள் பயந்தன. அன்றைய விபத்தில் இருந்தவர்களில் ஒருவரான எஃப். டி. பிட்லேக் மறு ஆண்டே ஒரு வழி கண்டுபிடித்தார். 1895 அக்டோபர் 5 அன்று வீரர்களை இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு, அவரவர் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனித்தனியே குறித்தார்கள். டைம் டிரையல் என்ற பந்தயம் பிறந்தது இப்படித்தான்.

அதன்பின் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் சாலைப் பந்தயம் என்றாலே இதுதான். ஞாயிறு விடியற்காலையில், சாலையில் நடமாட்டம் தொடங்குமுன் ஓட்டி முடித்துவிடுவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. பாதையின் பெயரைக்கூட வெளியில் சொல்லாமல் எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு வைத்தார்கள். பந்தயம் நடப்பதே ஊருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எண்ணம்.

இந்தப் பந்தயத்துக்காகச் செய்த 1940கள், 50களின் சைக்கிள்கள் இன்றும் பழைய கொட்டகைகளிலிருந்து துருவும் ஒட்டடையுமாக வெளியே வருகின்றன. அவற்றில் கியர் வைத்த வண்டிகளின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அப்படி ஒன்றைப் புதுப்பிக்க இறங்குபவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் அந்த வண்டியின் கியர்க் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த உதிரியை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற முடிவெல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

பிரிட்டிஷ்காரர்கள் கியரை அங்குலத்தில் சொல்வார்கள். முன்சக்கரம் ஆளுயரம் நின்ற பழைய சைக்கிள்களின் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. பெடல் பக்கத்துப் பல் எண்ணிக்கையைப் பின்சக்கரப் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கர விட்டத்தால் பெருக்க வேண்டும். முன்னால் 48 பல், பின்னால் 18 பல், சக்கரம் 27 அங்குலம் என்றால் கியர் 72 அங்குலம். பெடல் ஒரு சுற்று வரும்போது வண்டி ஏறக்குறைய 5.75 மீட்டர் முன்னேறும்.

டைம் டிரையலில் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்து காற்றைத் தவிர்க்க முடியாது. பாதையும் பெரும்பாலும் சமதளம். கால் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் நேரம் குறையும். அதனால் நிறையப் பேர் ஒரே கியரில், ஃப்ரீவீல்கூட இல்லாமல் ஓட்டினார்கள். 1956 ஆகஸ்டில் ரே பூட்டி 100 மைலை 3 மணி 58 நிமிடம் 28 விநாடியில் முடித்தார். பந்தயத்தில் அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடந்த முதல் ஆள் அவர்தான். அவர் வண்டியில் இருந்தது 84 அங்குல ஒற்றை கியர், பெடல் சுற்றுக்கு 6.7 மீட்டர்.

காற்று எதிர்த்து அடித்தாலோ சிறு மேடு வந்தாலோ அந்தத் தாளம் உடைகிறது. அங்கேதான் நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் உள்ளே வந்தது. 1902 முதல் அவர்கள் செய்த கியர் முழுவதும் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே அடங்கியது. அச்சோடு அசையாமல் நிற்கும் ஒரு நடுப் பற்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் குட்டிப் பற்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உட்புறம் பல் வைத்த ஒரு வளையம். ஊர் ஊராக ஓடிய ஏ.டபிள்யூ. என்ற மாடலில் நடுச்சக்கரத்துக்கு 20 பல், வளையத்துக்கு 60. செயினின் விசை குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டுக்குப் போய் வளையம் வழியாக வெளியே வந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வளையத்துக்குப் போய்க் கூண்டு வழியாக வந்தால் கால் பங்கு குறைகிறது. இரண்டுமில்லாமல் நேராகப் போனால் செயினின் வேகம்தான் சக்கரத்தின் வேகம்.

கடைக்குப் போய்வர இது அருமையான ஏற்பாடு. பந்தயத்துக்கு இந்தப் படிகள் மிகப் பெரியவை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்துக்கொண்டிருப்பவர் நடுக் கியரிலிருந்து மேலே போட்டால் கால் சட்டென்று 67க்கு இறங்கிவிடும், மூச்சும் தாளமும் சேர்ந்து குலையும். ஆகவே பந்தயக்காரர்களுக்கென்று நெருக்கமான படிகள் கொண்ட ஹப்புகளைத் தனியாகச் செய்தார்கள். ஏ.எம். என்ற மூன்று கியர் ஹப்பில் மேல்படி பதினைந்தரை சதவீதம்தான், 90 சுற்று 78க்குத்தான் இறங்கும். எஃப்.சி. என்ற நான்கு கியர் ஹப்பில் அதே படி சுமார் 9 சதவீதம். ஏ.எஸ்.சி. இன்னும் விசேஷமானது: மூன்று கியரும் உண்டு, ஃப்ரீவீல் கிடையாது, உச்ச கியர் நேரடி. பற்சக்கரங்கள் வழியாகப் போகும் விசையில் கொஞ்சம் உராய்வில் வீணாகும் என்பதால், அதிக நேரம் ஓட்டும் கியர் நேரடியாக இருக்கும்படி கணக்குப் போட்டார்கள். இந்த ஹப்புகளின் உழைப்புக்குச் சாட்சி வேண்டுமென்றால், 1939இல் டாமி காட்வின் ஒரே ஆண்டில் 75,065 மைல் ஓட்டியபோது பெரும்பகுதித் தூரம் அவர் மிதித்தது ஸ்டர்மி-ஆர்ச்சரின் நான்கு கியர் ஹப்பைத்தான்.

ஹப்பின் ஓட்டில் மாடல் எழுத்தோடு செய்த காலமும் பொறித்திருக்கும். 57, 3 என்று இருந்தால் 1957 மார்ச். வண்டியின் வயதைச் சொல்ல அது நல்ல தடயம், ஆனால் சக்கரம் கைமாறியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

அடுத்து ஃப்ரேம். நல்ல கிளப் வண்டி என்றால் பெரும்பாலும் ரெனால்ட்ஸ் 531 குழாய் இருக்கும். மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த இந்த எஃகு 1935இல் வந்தது. குழாயின் இரு முனைகளிலும் சுவர் தடித்து, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்திருக்கும். இணைப்பில் பலம், நடுவில் எடைக் குறைவு. இதே ரெனால்ட்ஸ் 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. 1949இல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அந்தக் குழுமம்தான். பெடல் கையை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னையும், பேரிங்கின் கப்பையும் கோனையும் பிரித்து ஓவராயில் செய்து பழகிய நம் ஊர் மெக்கானிக், இந்த வண்டியைக் கண்டு திகைக்க மாட்டார்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயோடு மேல்பாரும் கீழ்பாரும் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குழாயின் அடிப்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சிறு மேடு தட்டினால், அல்லது அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் குறுக்காக வெடித்திருந்தால், வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது. பிறகு கழுத்துக் குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, இரு முனைகளையும் பின்சக்கரம் உட்காரும் இரு பிளவுகளுக்கும் இழுத்துப் பிடித்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். அளவு ஒத்துப்போனால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. இதைச் செய்யாமல் உதிரிகளுக்குப் பணம் போடுவது வீண்.

பிரிக்கும்போது முதலில் மல்லுக்கட்டுவது அலுமினிய சீட் தண்டு. எஃகுக்குள் பல ஆண்டு வியர்வையும் மழையும் பட்டு நின்ற அலுமினியம் ஆக்சைடாக மாறிப் பருத்து, குழாயை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் காட்டுவார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி இன்னும் இறுகும். ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில நாள் பொறுத்து, தண்டைக் குளிரவைத்துத் திருகுவதே முறை. எதற்கும் மசியாவிட்டால் காஸ்டிக் சோடா கரைசல் அலுமினியத்தைக் கரைத்து எஃகை விட்டுவிடும். அது கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, ஹைட்ரஜனும் கிளம்பும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, அனுபவமுள்ளவர் மட்டும் செய்ய வேண்டியது.

ஹப்பைத் திறப்பதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி. உள் இயந்திரம் முழுவதையும் ஓட்டோடு பிடித்துவைத்திருப்பது வலப்பக்கமுள்ள குண்டு வளையம். அதில் இருக்கும் பள்ளத்தில் மழுங்கிய உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் மரை விடும். தட்டுமுன் வளையத்திலும் ஓட்டிலும் ஒன்றுக்கு ஒன்று நேராக ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். அந்த மரைக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் ஏற்றினால் ரிம் நடுவிலிருந்து விலகிவிடும், ஸ்போக்ஸை மறுபடி இழுக்க வேண்டி வரும். வளையம் கழன்றதும் மொத்த இயந்திரமும் ஒரே கட்டாகக் கையில் வந்துவிடும். கறுத்து இறுகிய பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவினால், பெரும்பாலும் அறுபது ஆண்டைத் தாண்டிய பற்சக்கரங்கள் பளபளவென்று நிற்கும். தேய்ந்திருப்பது விசையைக் கவ்வும் சிறு கொக்கிகளின் முனையும், தலைமுடி போன்ற அவற்றின் ஸ்பிரிங்குகளும்தான். முனை மழுங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். மேடேறும்போது எழுந்து நின்று மிதிப்பவரின் முழு எடையும் அந்த முனையில்தான் நிற்கிறது.

ஹப்புக்கு வெளியே இயங்கும் டிரெய்லியர் வகைக் கியர் வைத்த வண்டிகளும் உண்டு. கீழ்பாரிலுள்ள சிறு நெம்புகோலால் செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் சிம்ப்ளெக்ஸ், 1950களின் கேம்பக்னோலோ கிரான் ஸ்போர்ட் போன்றவை. அவற்றில் வேலை சுலபம்: கழுவி, ஸ்பிரிங்கைப் பார்த்து, தேய்ந்த குட்டிச் சக்கரங்களை மாற்றினால் போதும்.

எந்த வகையானாலும் பின் ஃப்ரேமின் அகலத்தை விரிக்க நான் உடன்பட மாட்டேன். மூன்று கியர் ஹப்புக்காகச் செய்த ஃப்ரேமில் பின் இடைவெளி சுமார் 114 மில்லிமீட்டர். ரிம் பிரேக்குக்கான பிற்காலச் சாலைச் சக்கரம் கேட்பது 130. நெம்பி விரித்தால் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் வளையும், மெல்லிய குழாயும் பித்தளை இணைப்பும் அந்தத் திரிபை நிரந்தரமாகச் சுமக்கும். அதற்குப் பதில் முன்பல், பின்பல் எண்ணிக்கையை மாற்றிப் பழைய ஹப்பையே நம் முழங்காலுக்கு ஏற்ற கியருக்குக் கொண்டுவரலாம். அங்குலக் கணக்கு கைவசம் இருந்தால் அது ஒரு நிமிட வேலை.

டயர் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ரிம்மில் ஒட்டும் பழைய டியூபுலர் டயரின் பசை காய்ந்து, திருப்பத்தில் டயரே கழன்று உருளக்கூடும். பழசைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒட்டுவதே சரி. 27 அங்குல ரிம்முக்குப் பதில் 700சி அளவு ரிம் போடுபவர்கள், ரிம் ஆரம் 4 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க வேண்டும். பழைய பிரேக்கில் அதற்கு இடமிருக்கிறதா என்று வாங்குமுன்பே அளந்துகொள்வது நல்லது.

பெயிண்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளி அடிப்பூச்சின்மேல் கண்ணாடிபோல நிறம் ஏற்றிய அந்தக் காலப் பூச்சும், கையால் இழுத்த மெல்லிய கோடுகளும், கடை முகவரி பொறித்த ஒட்டுப்படமும் ஒருமுறை போனால் போனதுதான். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் துருவை மட்டும் ஆக்சாலிக் அமிலத்தில் எடுத்து, சுத்தமாகக் கழுவி, மெழுகு பூசி விட்டுவிடலாம். மணல் வீச்சுக்குக் கொடுத்தால் மெல்லிய குழாயின் உலோகத்தையே அது தின்னும்.

எல்லாம் கோர்த்தபின் கியர் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். மூன்று கியர் ஹப்பில் நெம்புகோலை நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியாகப் பார்த்தால், கியர் கம்பியின் குட்டிச் சங்கிலியோடு சேர்ந்த குச்சியின் தோள் அச்சின் முனைக்குச் சமமாகத் தெரிய வேண்டும். ஏ.டபிள்யூ. ஹப்பில் கம்பி தளர்ந்திருந்தால் நடுவுக்கும் மேலுக்கும் இடையே பெடல் எதையும் கவ்வாமல் வெறுமனே சுழலும், நின்று மிதிப்பவர் கீழே விழுவார். ஹப்புக்குள் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். உறைந்து பிசினாகும் வீட்டு எண்ணெயை அதில் விடவே கூடாது. பத்துப் பதினைந்து மைல் ஓட்டியதும் காட்டர் பின்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கும். இறங்கி இரண்டு நட்டையும் மறுபடி இறுக்கிவிட்டு ஓட்டுங்கள்.