பஸ் போனால் அடுத்த பஸ்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆயா தனியாகக் குடியிருந்தார். 2011-ம் வருடக் கோடை. எனக்குச் சிதம்பரத்தில் வேலை. காலை பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி, சிலிண்டர் தீந்துபோச்சுப்பா. ரெகுலேட்டரைக் கழட்ட முடியல. கொஞ்சம் மாத்திக் குடுத்துட்டுப் போறியா?"

"நேரமாயிடுச்சு ஆயா. சாயங்காலம் வந்து மாத்தித் தர்றேன்."

"சரிப்பா, நீ பாத்துப் போ."

ஓடினேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஆயாவை மறந்துவிட்டேன். இரவு எட்டு மணிக்குத் தெருமுனையில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. நேராக ஆயா வீட்டுக்குப் போனேன். காலையில் அவல் ஊறவைத்துச் சாப்பிட்டாராம். மத்தியானம் பசிக்கவே இல்லையாம். புது சிலிண்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை வைத்து அழுத்தித் திருப்பினேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அடுப்பு பற்றியதும் ஆயா முதலில் போட்டது எனக்குக் காபி.

அந்த டம்ளரை வாங்கக் கை கூசியது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலையில் அடுத்தடுத்து பஸ் உண்டு. நான் காப்பாற்றிய நேரம் சில நிமிடம். அதற்கு ஆயா ஒரு பகல் முழுக்க அடுப்பு மூட்டாமல் கிடந்தார்.

அவசரம் செய்யும் வேலை

1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்கள் 40 பேரைத் தனித்தனியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடப்பார்; அதுதான் சோதனை. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். 'தாமதமாகிவிட்டது, சீக்கிரம்' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அந்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன விஷயமே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நானும் ஆயா மேல் பிரியம் இல்லாதவன் இல்லை. கடிகாரம் துரத்தும்போது மனசு சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் யோசித்து நல்லவராக இருக்க யாராலும் எளிதில் முடியாது. யோசனையை முன்னாடியே முடித்து வைத்திருக்க வேண்டும்.

அணையாத அடுப்பு

இதைப் புரிந்துகொள்ள நாம் பிரின்ஸ்டன் போகவேண்டியதில்லை. வடலூருக்குப் போனால் போதும். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று பற்றவைத்த அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் சோறு.

அந்த அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பசியோடு ஒருவர் வந்து நின்ற பிறகு அங்கே யாரும் தீப்பெட்டி தேடுவதில்லை. போடலாமா வேண்டாமா, இன்றைக்கு முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1867-லேயே முடிவெடுத்தாகிவிட்டது. அடுத்தவர் பசி எந்த நேரத்திலும் வரும், நம் வசதி பார்த்து வராது என்று தெரிந்த ஒருவர் செய்துவைத்த ஏற்பாடு அது.

எங்கள் மாவட்டம் அடிபட்ட நேரங்களிலும் இதைத்தான் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மீனவக் குப்பங்களை வாரிச் சுருட்டியபோது, பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத்தார் சுற்று வட்டாரத்து மீனவர் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். எதிர்பாராத பேரழிவில் அவ்வளவு சீக்கிரம் கை நீள வேண்டுமென்றால், அந்தக் கை அதற்கு முன்பே கொடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

ஆயாவும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் படுத்துவிட்டன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் கேஸும் தீர்ந்தது. ஊரே நனைந்து கிடந்தபோது, ஆயா பரண்மேல் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சியும் தென்னமட்டையும் காய்ந்தபடி இருந்தன. புறக்கடை மண்ணடுப்பை மூட்டிப் பெரிய பானையில் கஞ்சி வைத்தார். எங்கள் வீடு உட்பட மூன்று வீட்டுக்கு நாலு நாள் அந்தக் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஊறுகாய். கோடையில் தன் அடுப்பை அணையவிட்டுப் போனவன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அவர் உலை வைத்தார். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை.

நாள்தோறும் வருகிற சோதனை

புயலில் எல்லோருமே நல்லவர்கள்தான். அன்றைக்கு யாருக்கும் பஸ் இல்லை, ஆபீஸ் இல்லை. கஷ்டம் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில்தான் இருக்கிறது. யாரோ நம் வீட்டு வாசலை மறித்து பைக்கை நிறுத்தியிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆதார் விஷயமாகப் போனை நீட்டுவார். மாடி வீட்டுப் பிள்ளை பள்ளி வேனைத் தவறவிட்டு அழும்.

சிதம்பரத்துத் தேர் வீதிக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரைத் தேரோட்டங்களில் வீட்டை விட்டு வண்டியை எடுக்க முடியாது. வாசலெல்லாம் ஜனம். தொந்தரவுதான். ஆனாலும் வெளியூர்க்காரருக்குத் தண்ணீர் கொடுத்துத் திண்ணையில் உட்காரச் சொல்லும் வீடுகள் அங்கே இருக்கின்றன. திருவாதிரையன்று களியும் கூட்டும் வீடு மாறிப் போகின்றன. தரப்போவது தெரிந்துதான் உலையில் கூடுதலாக ஒரு ஆழாக்கு விழுகிறது.

நேரத்திலும் அந்தக் கூடுதல் ஆழாக்கைப் போட்டுவைக்கலாம் என்பதே நான் சொல்ல வந்தது. ஆயா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். காலையில் நான் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பி நிற்கிறேன். யாரும் கூப்பிடவில்லையென்றால் வழக்கமான பஸ். கூப்பிட்டால், அடுத்த பஸ்.